பி2033, பி2463, பி20ஈஈ: டீசல் வேனில் மூன்று பழுதுக் குறியீடுகள் சேர்ந்து வந்தால் எதிலிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2021இல் பதிவான, பிஎஸ்6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டி. 2.2 லிட்டர் டீசல் என்ஜின். சைலன்சர் வரிசையில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும், அதற்குப் பின்னால், நாக்ஸ் எனும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் குறைக்க யூரியா தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும் உண்டு. ஓடிய தூரம் 1,18,000 கிலோமீட்டர். காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டி. பைபாஸில் சீராக ஓடுவது அபூர்வம்.

முதலில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாததால் ஓட்டுநர் வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு டிபிஎஃப் விளக்கும் சேர்ந்துகொண்டது. இப்போது ஆட்களோடு மேம்பாலம் ஏறினால் பிக்கப் அறவே இல்லை; சுற்று ஓரளவுக்கு மேல் ஏற மறுக்கிறது. ஸ்கேன் செய்தபோது மூன்று குறியீடுகள் வந்தன. பி2033, அதாவது புகை வெப்பநிலை சென்சார் 2இன் சர்க்யூட்டில் சிக்னல் அதிகம். பி2463, டிபிஎஃப்-இல் கரி மிகுதி. பி20ஈஈ, எஸ்சிஆர் வினையூக்கியின் நாக்ஸ் குறைக்கும் திறன் போதாது.

ஒரு பணிமனையில் டிபிஎஃப்-ஐயும் இரண்டு நாக்ஸ் சென்சார்களையும் மாற்ற வேண்டும் என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். இன்னொருவர் குறியீடுகளை அழித்து அனுப்பினார். வீடு வந்து சேர்வதற்குள் முதல் விளக்கு திரும்ப எரிந்துவிட்டது. என்னிடம் குறியீடுகளைப் படிக்கும் புளூடூத் ஓபிடி அடாப்டரும் மல்டிமீட்டரும் இருக்கின்றன. தெரிந்தவரிடம் பெரிய ஸ்கேனரை இரவல் வாங்கவும் முடியும். யூரியாவை 20 லிட்டர் கேனாக வாங்கித் தகரக் கொட்டகையில் வைத்து ஊற்றுகிறோம். இந்த மூன்றில் எது மூல காரணம், எது அதன் விளைவு என்பதை, பணம் செலவழிக்கும் முன் எப்படிப் பிரித்தறிவது?

பழைய ஸ்பேனர் எழுதியது:

வணக்கம் நண்பரே. எதையும் கழற்றுவதற்கு முன், குறியீடுகளை மேற்கொண்டு அழிக்காமல் நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு குறியீடும் பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில், என்ன சுமையில், எத்தனை டிகிரி வெப்பத்தில் இருந்தது என்பதை என்ஜின் கணினி ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. பெரிய ஸ்கேனர்களில் எத்தனையாவது கிலோமீட்டரில் பதிவானது என்பதும் தெரியும். அழித்தால் குறியீட்டோடு அந்தப் பதிவும் போய்விடும். முதல் பணிமனையில் அச்சுத்தாள் எதுவும் கொடுத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். எந்தக் குறியீடு முதலில் வந்தது என்ற ஒரு தகவலே இங்கே பாதி வேலையை முடித்துவிடும்.

இந்த மூன்று குறியீடுகளும் ஒரே தரத்தவை அல்ல. பி2033 முழுக்க முழுக்க மின்சாரம் சார்ந்தது: சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம், சாத்தியமான எல்லைக்கு மேலே போய் நிற்கிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. பி2463 சென்சார் பழுதே அல்ல. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டையும், ஓடிய விதத்தை வைத்துப் போட்ட கணக்கையும் கொண்டு, உள்ளே கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று கணினி எடுத்த முடிவு அது. பி20ஈஈ இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. எஸ்சிஆர்-க்கு முன்னால் உள்ள நாக்ஸ் அளவையும் பின்னால் உள்ள அளவையும் ஒப்பிட்டு, தெளித்த யூரியாவுக்கு ஏற்ற குறைவு இல்லை என்று கண்டபின் வருவது. ஆகவே முதலில் மின்சாரக் குறியீடு, அடுத்து அளவு சார்ந்தது, கடைசியில் திறன் சார்ந்தது என்ற வரிசையில்தான் போக வேண்டும். கீழ்ப்படியில் உள்ள அளவீடு பொய்யாக இருக்கும்போது மேற்படியில் எடுக்கப்பட்ட முடிவை நம்பி நாக்ஸ் சென்சார் வாங்குவது வீண்செலவு. அதன் விலை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பி2033 எப்படிக் கரி மிகுதியை உண்டாக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, கணினி அவ்வப்போது ரீஜெனரேஷன் என்ற வேலையைச் செய்கிறது. வழக்கமான தெளிப்புக்குப் பிறகு கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளித்து, அதை ஆக்சிடேஷன் வினையூக்கியில் எரியவிட்டு, வடிகட்டியின் வாயிலில் ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தை அளந்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டிக்கொண்டிருப்பது வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வெப்பநிலை சென்சார்தான். பெரும்பாலான வண்டிகளில் இரண்டாம் எண் சென்சார் அந்த இடத்தில் இருக்கும்; உங்கள் வண்டியிலும் அப்படித்தானா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவீடு கிடைக்காவிட்டால் பீங்கான் வடிகட்டி விரிசல் விட்டுவிடும் அபாயம் இருப்பதால் கணினி ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி என்றால், புகையே சூடாக இருப்பதால் கரி கொஞ்சம் தானாகவே எரிந்து குறையும். ஆனால் நின்று நின்று ஊருக்குள் ஓடும் வண்டியில் புகை அந்தச் சூட்டை எட்டுவதே அரிது. எனவே கரி நாள்தோறும் சேரும்; குறைய வழியே இல்லை.

இனி அளக்கும் முறை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, நேரடி அளவீடுகளில் கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், மூன்று புகை வெப்ப சென்சார்கள் ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறிய வண்டியில் ஐந்தும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எது விலகி நிற்கிறதோ அதுதான் சந்தேகத்துக்கு உரியது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, ஆனால் பணிமனைகளில் இதைச் செய்பவர்கள் குறைவு. வண்டி உள்ளே வரும்போது சூடாக வருவதும், அதை இரவு நிறுத்தி வைக்க யாருக்கும் பொறுமை இல்லாததும்தான் காரணம்.

அடுத்து மல்டிமீட்டர். இவ்வகைச் சென்சார்களில் பல, பிளாட்டினம் மின்தடை வகையைச் சேர்ந்தவை. 0 டிகிரியில் 200 ஓம், 25 டிகிரியில் சுமார் 220 ஓம், 600 டிகிரியில் 600 ஓமுக்கும் மேல் என்று வெப்பத்தோடு மின்தடை ஏறும். இக்னிஷனை அணைத்து, கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு பின்களுக்கு இடையில் அளந்து பாருங்கள். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் சென்சார் உள்ளே அறுந்துவிட்டது. சரியான எண் வந்தால் பழுது ஒயரிங் பக்கம் இருக்கிறது. அதை உறுதிசெய்ய, கப்ளரின் வண்டி பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு இக்னிஷனைப் போடுங்கள். ஒயர் நன்றாக இருந்தால் திரையில் அளவீடு மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைக்குத் தாவ வேண்டும். தாவாவிட்டால் கப்ளருக்கும் கணினிக்கும் இடையே எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. தெர்மோகப்பிள் வகைச் சென்சார் பொருத்திய வண்டிகளுக்கு இந்த ஓம் கணக்கு பொருந்தாது. வகையை முதலில் தெரிந்துகொண்டு அளக்கவும்.

கடைசியாக, இதையெல்லாம் பார்க்கும் முன் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். சோர்ந்த பேட்டரி, சம்பந்தமே இல்லாத சென்சார்களின் பெயரில் குறியீடுகளைக் கிளப்பும்.

மலைப்பாதை எழுதியது:

பழைய ஸ்பேனர் ஐயா சொன்ன வரிசை சரியானது. ஆனால் பி2033 சரியானால் பி20ஈஈ தானாகப் போய்விடும் என்று நொய்யல்கரை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்குச் சுற்றுலா வேன்கள் ஓட்டுகிறவன். வெப்ப அளவீடு கிடைக்காதபோது சில வண்டிகளில் யூரியா தெளிப்பு நின்றுவிடும் என்பதும், அதனால் பி20ஈஈ வரலாம் என்பதும் உண்மை. ஆயினும் எங்கள் வண்டிகளில் இந்தக் குறியீடு வந்தபோதெல்லாம் பெரும்பாலும் காரணமாக இருந்தது யூரியாக் கரைசலும் அதைத் தெளிக்கும் ஊசியும்தான்.

டிஇஎஃப் என்றும் ஆட்புளூ என்றும் விற்கப்படும் இந்தக் கரைசலில் யூரியா எடையளவில் 32.5 விழுக்காடு இருக்க வேண்டும். மீதி தாது நீக்கிய நீர். ஐஎஸ்ஓ 22241 என்ற தரக் குறிப்பு கேனில் அச்சிட்டிருக்கும். அடர்த்தியைப் பார்க்க யூரியா அளவுகோல் உள்ள ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று போதும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். கேனிலிருந்து ஒரு சொட்டு, வண்டியின் யூரியா டேங்கிலிருந்து ஒரு சொட்டு என்று இரண்டையும் தனித்தனியே பாருங்கள். தகரக் கொட்டகை பற்றி எழுதியிருந்தீர்கள். 30 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் இந்தக் கரைசலின் ஆயுள் வேகமாகக் குறையும். யூரியா மெல்லச் சிதைந்து அம்மோனியாவாக மாறும். திறந்து வைத்த கேனில் நீரும் ஆவியாகும். வெயில் காலத்தில் தகரத்தின் கீழ் என்ன வெப்பம் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். நம் நாட்டில் உர யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே தயாரிக்கப்படுகிறது. அந்த எண்ணெயும், உரத்தில் இருக்கும் பையூரெட் போன்ற கலப்புகளும், குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து ஊசியை அடைப்பதோடு நிற்காமல் வினையூக்கியையும் கெடுக்கும். வினையூக்கி போய்விட்டால் அதற்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது.

நாக்ஸ் சென்சார்களை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? மாற்றாமலே அவற்றைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறிய பின் ஸ்கேனர் மூலம் யூரியா தெளிப்பை நிறுத்திவிட்டு, வினையூக்கியில் ஏற்கெனவே தங்கியிருக்கும் அம்மோனியா தீரும்வரை ஓட்டுங்கள். அதன் பிறகு முன் சென்சாரும் பின் சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இடையில் நாக்ஸைக் குறைக்க எதுவும் இல்லை என்பதே காரணம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் இரண்டுமே நல்ல சென்சார்கள். ஒன்று மட்டும் எங்கோ நின்றுவிட்டால் அதுதான் மாற்றத்தக்கது. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. குழாயில் ஈரம் வற்றும் அளவுக்குச் சூடேறும்வரை நாக்ஸ் சென்சார் தன் ஹீட்டரைப் போடாது. நீர்த்துளி பட்டால் பீங்கான் வெடித்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. எனவே ஸ்டார்ட் செய்தவுடன் அளவீடு வராதது பழுதல்ல. இன்னொன்று, இந்தச் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸ் போலவே தெரியும். யூரியா தேவைக்கு மேல் விழுந்தாலும் பின் சென்சார் அதிகமாகவே காட்டும். அதைப் பார்த்து யூரியா குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சாலைவாசி எழுதியது:

இவ்வளவு பாடுபட வேண்டுமா? டிபிஎஃப்-ஐ உள்ளே குடைந்து காலி செய்துவிட்டு, கணினியில் மென்பொருளை மாற்றிவிட்டால் இந்தக் குறியீடு எதுவும் வராது என்கிறார்கள். எங்கள் பகுதியில் பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. இது ஆட்களை ஏற்றி ஓடும், எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு அவ்வப்போது போக வேண்டிய வண்டி. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நொய்யல்கரையின் வண்டியில் இருப்பது அநேகமாக ஒரு ஒயர் பழுது அல்லது ஒரு வெப்ப சென்சார். அதற்காக டிபிஎஃப்-ஐக் குடைந்து, எல்லாச் சென்சார்களையும் கணினியில் குருடாக்கிவிட்டால், நாளைக்கு டர்போவிலோ இன்ஜெக்டரிலோ உண்மையான பழுது வரும்போது அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. இந்த இழையில் இதைப் பற்றி மேலும் பேச வேண்டாம்.

நொய்யல்கரை எழுதியது:

விரிவாக எழுதிய இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

பணிமனை கொடுத்த அச்சுத்தாள் கிடைத்தது. அதில் பி2033 பதிவான கிலோமீட்டர்தான் மிகக் குறைவு. பி2463 அதற்கு 900 கிலோமீட்டர் கழித்தும், பி20ஈஈ இடையிலும் பதிவாகியிருக்கின்றன.

இரவு நின்ற வண்டியில் காலை அளவீடுகள்: கூலன்ட் 26 டிகிரி, உள்ளிழுக்கும் காற்று 27, புகை வெப்பம் 1 எனப்பட்டது 27, மூன்றாவது 26. இரண்டாவது மட்டும் 999 என்று நிற்கிறது. கப்ளரைக் கழற்றிச் சென்சாரை அளந்தால் 221 ஓம் வருகிறது. வண்டி பக்கத்துப் பின்களை இணைத்துப் பார்த்தும் திரையில் 999 மாறவில்லை. அப்படியானால் சென்சார் நல்லது, ஒயரில்தான் பழுது என்று எடுத்துக்கொள்ளலாமா?

டிபிஎஃப் அழுத்த வேறுபாடு, இக்னிஷன் மட்டும் போட்ட நிலையில் 0 கிலோபாஸ்கல். சூடான என்ஜினில் ஐட்லிங்கில் 2.1, நிறுத்திய இடத்திலேயே 2,500 சுற்றில் 9. ஸ்கேனர் காட்டும் கரிச்சுமை 140 விழுக்காடு. என்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் சரியான மட்டத்தில்தான் இருக்கிறது. டீசல் வாடை இல்லை.

கரிசல்மண் எழுதியது:

இடையில் ஒரு சிறு குறிப்பு. நான் கோவில்பட்டியில் பள்ளி வேன்கள் நடத்துகிறேன். எங்கள் வண்டியிலும் பி2463 வந்தது; ஆனால் அதோடு பி2453, அதாவது அழுத்த வேறுபாட்டுச் சென்சாரின் அளவீடு நம்பத்தக்கதாக இல்லை என்ற குறியீடும் சேர்ந்து வந்தது. என்ஜின் ஓடாதபோது பூஜ்யம் காட்ட வேண்டிய சென்சார் 3 கிலோபாஸ்கல் காட்டிக்கொண்டிருந்தது. சென்சார் மாற்றிய பின்னும் சரியாகவில்லை. வடிகட்டியிலிருந்து சென்சாருக்கு வரும் இரண்டு ரப்பர் குழாய்களில் ஒன்று வெப்பத்தில் இளகி ஓட்டை விழுந்திருந்தது. புதுச் சென்சாரைக் கணினிக்குப் பழக்கும் வேலையை மெக்கானிக் செய்யாமல் விட்டதும் பிறகுதான் தெரிந்தது. நொய்யல்கரை அண்ணாவின் வண்டியில் பூஜ்யம் சரியாக இருப்பதால் சென்சாரின் மேல் சந்தேகம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குழாய்களை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

நொய்யல்கரை, உங்கள் அளவீடுகள் ஒன்றை ஒன்று உறுதிப்படுத்துகின்றன. சென்சார் நல்லது, அறுந்தது ஒயர். ஆயில் மட்டம் ஏறாமல் இருப்பதும் ஒரு சாட்சி. ரீஜெனரேஷன் தொடங்கித் தொடங்கி இடையில் நின்றுபோகும் வண்டிகளில், தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலந்து மட்டம் ஏறும், வாடையும் வரும். உங்கள் வண்டியில் அது இல்லை என்பதால், ரீஜெனரேஷன் பாதியில் நிற்கவில்லை, தொடங்கவே இல்லை என்று கொள்ளலாம். 2,500 சுற்றில் 9 கிலோபாஸ்கல் என்பதால் கரி உண்மையிலேயே சேர்ந்திருக்கிறது. வெறும் கணக்குப் பிழை அல்ல.

ஒயரைத் தேடும்போது முதலில் கப்ளரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, பின் உள்ளே பின்வாங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒயர்க் கட்டு எங்கெல்லாம் கியர்பாக்ஸ் பிராக்கெட்டையும் வெப்பத் தகட்டையும் தொட்டுக்கொண்டு போகிறதோ அங்கெல்லாம் உறையைப் பிரித்துப் பாருங்கள். மேலே உறை முழுதாக இருந்து உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பது உண்டு. ஒயரை மெல்ல இழுத்தால் அந்த இடம் ரப்பர் போல நீளும். அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. சூடும் அதிர்வும் உள்ள இடத்தில் சால்டரும் நாளடைவில் முறியும். நல்ல கிரிம்ப் இணைப்பு போட்டு, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, வெப்பம் தாங்கும் உறைக்குள் விட்டு, பிராக்கெட்டிலிருந்து விலக்கிக் கட்டிவிடுங்கள்.

அதன்பின் ஸ்கேனர் மூலம் ரீஜெனரேஷன் செய்யலாம். ஆனால் 140 விழுக்காட்டுச் சுமையில் நின்ற இடத்தில் செய்ய உங்கள் வண்டியின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லை தாண்டிய கரியை ஒரேயடியாக எரித்தால் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி வடிகட்டி உருகிவிடும். அனுமதி இல்லையென்றால் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. அனுமதி இருந்தால் திறந்த வெளியில், காய்ந்த புல்லோ பஞ்சுக் கழிவோ இல்லாத தரையில், சைலன்சர் வாய்க்கு எதிரே யாரும் நிற்காதபடி நிறுத்திச் செய்யுங்கள். பனியன் கம்பெனி வளாகத்தில் செய்யவே செய்யாதீர்கள். நடக்கும்போது இரண்டாவது, மூன்றாவது சென்சார்களின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. சாம்பல் குறைவாகத் தரும் ஆயிலாக, கையேடு சொல்லும் தரத்திலேயே ஊற்ற வேண்டும். கரி எரியும், ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். ரீஜெனரேஷன் முடிந்தும் அழுத்த வேறுபாடு இறங்காவிட்டால் அது சாம்பல்.

நொய்யல்கரை எழுதியது:

கியர்பாக்ஸுக்கு மேலே போகும் இடத்தில், பிராக்கெட்டின் விளிம்பில் ஒயர்க் கட்டு உரசி உறை தேய்ந்திருந்தது. உள்ளே இரண்டு ஒயர்களில் ஒன்று நீங்கள் சொன்னது போலவே இழுத்தால் நீண்டது. கிரிம்ப் போட்டு உறை மாட்டிய பிறகு, ஆறிய வண்டியில் இரண்டாவது சென்சாரும் மற்றவற்றோடு சேர்ந்து 27 காட்டுகிறது. கையேட்டில் எங்கள் வண்டிக்குக் கரிச்சுமை எல்லை 150 விழுக்காடு என்று இருந்ததால் ஸ்கேனர் மூலம் ரீஜெனரேஷன் செய்தோம். வெப்பம் 610 வரை போய்ச் சீராக நின்றது. இப்போது ஐட்லிங்கில் 0.6, 2,500 சுற்றில் 2.4 கிலோபாஸ்கல். பிக்கப் திரும்பிவிட்டது. பி2033, பி2463 இரண்டும் திரும்பவில்லை.

ஆனால் மலைப்பாதை அண்ணா சொன்னது போலவே பி20ஈஈ மட்டும் சில ஓட்டங்களுக்குப் பிறகு வந்துவிட்டது. அவிநாசி பக்கம் பைபாஸில் சீராக ஓட்டிப் பார்த்ததில் முன் நாக்ஸ் 320 பிபிஎம், பின் நாக்ஸ் 250. தெளிப்பை நிறுத்திவிட்டு ஓட்டியபோது 310, 300 என்று இரண்டும் ஒட்டியே போயின. ரிஃப்ராக்டோமீட்டரில் டேங்கில் 27 விழுக்காடு. உடைக்காத புதுக் கேனிலும் அதே 27.

மலைப்பாதை எழுதியது:

அப்படியானால் நாக்ஸ் சென்சார்கள் இரண்டும் நல்லவை. அவற்றுக்கு எழுதிய மதிப்பீட்டை மறந்துவிடுங்கள். கொட்டகை வெப்பமும் காரணம் அல்ல. மூடிய கேனிலேயே 27 என்றால் அது விற்கும்போதே நீர்த்த சரக்கு. வெயிலில் திறந்து கிடந்திருந்தால் நீர் ஆவியாகி எண் ஏறியிருக்கும், இறங்கியிருக்காது. வாங்கிய இடத்தில் கேனைக் காட்டிக் கேளுங்கள். டேங்கை முழுவதும் வடித்து, தாது நீக்கிய நீரால் அலசி, அளந்து பார்த்த கரைசலை மட்டும் ஊற்றுங்கள். கரைசலின் தரத்தைத் தானே அளக்கும் சென்சார் டேங்கில் இருக்கும் வண்டிகள் இதற்குப் பி207எஃப் என்று தனிக் குறியீடே காட்டும். உங்கள் வண்டியில் அந்தச் சென்சார் இல்லை போலும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 32.5 இருக்க வேண்டிய இடத்தில் 27 என்றால் யூரியா ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. 320 பிபிஎம் உள்ளே போய் 250 வெளியே வருவதற்கு அந்தக் குறைவு மட்டும் போதாது. தெளிப்பு ஊசியைக் கழற்றி முனையைப் பாருங்கள். பிறகு அதை ஓர் அளவு ஜாடிக்குள் வைத்து, ஸ்கேனரில் தெளிப்பு அளவுச் சோதனையை ஓட்டி, விழுந்த மில்லிலிட்டரைக் கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ஊசி முனையில் வெள்ளையாக, உப்பளத்துப் படிவு போல மேலோடு கட்டியிருந்தது. ஜாடியில் விழுந்தது கையேடு சொல்லும் அளவில் பாதிகூட இல்லை. அதுவும் பூந்தூவலாக வராமல் ஒரு பக்கமாகச் சொட்டியது. குழாயின் உள்சுவரிலும், ஊசிக்கு நேர் எதிரே, அதே வெள்ளைப் படிவு விரல் கனத்துக்கு இருந்தது. இதைச் சுரண்டி எடுக்கலாமா, அல்லது ஊசியையே மாற்ற வேண்டுமா?

மலைப்பாதை எழுதியது:

சுரண்ட வேண்டாம், முனையிலுள்ள துளைகள் ஸ்க்ரூ டிரைவருக்கும் கம்பி பிரஷ்ஷுக்கும் தாங்காது. முனையை மட்டும் வெந்நீரில் ஊற வையுங்கள், மின் இணைப்புப் பக்கம் நனையக் கூடாது. யூரியாப் படிவு பெரும்பகுதி கரைந்துவிடும். நெடுநாள் சூட்டில் இறுகிய பகுதிக்கு மட்டும் நீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். குழாய்ச் சுவரில் உள்ளதையும் மரக்குச்சியால் நெம்பி, வெந்நீரால் கழுவி எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் புதுத் தெளிப்பும் அதன்மேல் பட்டுப் படிந்துகொண்டே இருக்கும். பிறகு ஜாடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அளவு சரியாக வந்து தூவலும் சீராக இருந்தால் ஊசியை மாற்ற வேண்டியதில்லை.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். அந்த இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து பின் சென்சாரின் அளவீட்டைக் குழப்பும். கசிகிற இடத்திலேயே படிவும் மறுபடி தொடங்கும். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் டார்க்கில் இறுக்கி, வண்டியைப் பைபாஸில் அரை மணி நேரமாவது சீராக ஓட்டியபின் முன், பின் நாக்ஸ் அளவுகளை இங்கே எழுதுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

வெந்நீரில் ஊற வைத்த பிறகு ஜாடிச் சோதனை கையேட்டு அளவுக்குள் வந்துவிட்டது. புதுக் கேஸ்கெட் போட்டு, வேறு கடையில் வாங்கி 32.5 என்று அளந்து பார்த்த கரைசலை ஊற்றி, பெருந்துறை வரை போய் வந்தேன். முன் நாக்ஸ் 330, பின் நாக்ஸ் 30க்கும் 45க்கும் இடையில். குறியீடு இல்லை. கரிசல்மண் சகோதரி சொன்னபடி அழுத்தக் குழாய்களையும் தடவிப் பார்த்தேன். ஒன்றில் கிளிப் தளர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன்.